வெனிஸ்: ஓதம் பார்த்து நடக்க வேண்டிய ஊர்

வெனிஸ் பார்க்கப் போகிறவர்கள் விமான டிக்கெட், விடுதி, அருங்காட்சியக நுழைவு என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே முடித்துவிடுகிறார்கள். ஓத அட்டவணையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அந்த ஊரில் எந்தச் சந்தில் கால் நனையாமல் நடக்கலாம், எந்தப் படகு எந்தப் பாலத்துக்கு அடியில் நுழையும், தேவாலயத்தின் முன்மண்டபம் காய்ந்து கிடக்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது கடல். ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் வற்றம். நகராட்சியின் ஓத முன்னறிவிப்பு மையம் அடுத்த சில நாட்களுக்கான நீர்மட்டத்தை செ.மீ. கணக்கில் இணையத்தில் போடுகிறது. முந்தைய இரவு அதைப் பார்த்துவிட்டு மறுநாள் எங்கே போவது என்று முடிவு செய்தால் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு இரவாவது ஊருக்குள்ளேயே தங்குங்கள். 1951-ல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000-க்கும் குறைவு. காலை பத்து மணிக்கு ரயிலிலும் பேருந்திலும் வந்து இறங்கும் பகல்நேரக் கூட்டம் ரயில் நிலையம், ரியால்டோ பாலம், சான் மார்கோ சதுக்கம் என்ற ஒரே கோட்டில் நெரிசலாக ஓடிவிட்டு மாலையில் வடிந்துவிடும். காலை எட்டுக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும் அதே சந்துகளில் காலடி ஓசை கேட்கும். எதிரே நிலப்பரப்பிலுள்ள மெஸ்த்ரேவில் தங்கினால் அறை வாடகை குறையும், ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் என்பார்கள். உண்மைதான். ஆனால் கிடைக்க வேண்டிய அந்த இரண்டு வேளையும் ரயிலிலேயே போய்விடும்.

சேற்றில் நிற்கும் ஊர்

வெனிஸ் நிற்கும் நீர்ப்பரப்பு கடலும் இல்லை, ஆறும் இல்லை. அது காயல். சுமார் 550 சதுர கி.மீ. பரப்பு, பெரும்பகுதியில் இடுப்பளவு ஆழம், கடலோடு சேர மூன்று வாய்கள். அதில் கிடந்த நூற்றுச் சொச்சம் சேற்றுத் திட்டுகளைப் பாலங்களால் கோத்ததுதான் இந்த ஊர். பாலங்கள் மட்டும் நானூறுக்கு மேல்.

கட்டடத்துக்கு அடியில் மர முளைகள் இருக்கின்றன. ஓக், ஆல்டர், லார்ச் மரங்களைக் கூராக்கி, மேல்சேற்றைத் தாண்டி இறுகிய களிமண் வரை நெருக்கமாக அடித்து இறக்கினார்கள். அதன்மேல் லார்ச் பலகை, பலகைமேல் அட்ரியாட்டிக்கின் எதிர்க்கரையிலுள்ள இஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கல், கல்லுக்கு மேல் செங்கல். 1591-ல் முடிந்த ரியால்டோ பாலத்தின் ஒற்றை வளைவைத் தாங்க இரு கரைகளிலும் சேர்த்து சுமார் 12,000 முளைகள். சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயத்துக்கு அடியில் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

மரம் ஏன் மக்கவில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். சேற்றுக்குள் பிராணவாயு இல்லை; மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பில்லை. இதற்கான சான்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். கால்வாயோரம் படகு கட்ட நட்டிருக்கும் கம்பங்களைக் கவனியுங்கள். தண்ணீருக்கு மேலே தடியாக இருக்கும் கம்பம், ஓதம் ஏறி இறங்கும் மட்டத்தில் மட்டும் அரித்து இடுப்பு சிறுத்திருக்கும். ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில்தான் மரம் சாகிறது. முழுக்கச் சேற்றில் புதைந்தது பிழைக்கிறது.

அதே போலக் கால்வாய்ச் சுவர்களையும் படிக்கலாம். கீழே வெள்ளைக் கல், அதில் பாசி ஏறிய பச்சைக் கோடு. வழக்கமான ஓதம் அதுவரை வரும் என்று அர்த்தம். பழைய நாளில் அந்தக் கோட்டையே நீர்மட்ட அளவாகக் கொண்டு கல்லில் குறி வெட்டி வைத்திருக்கிறார்கள். இஸ்திரியக் கல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் அதை அடியில் வைத்தார்கள். கடந்த நூற்றாண்டில் கடல் உயர்ந்து நிலமும் தாழ்ந்து, இரண்டும் சேர்ந்து 20 செ.மீ.க்கு மேல் போய்விட்டதால், பல வீடுகளில் தண்ணீர் இப்போது கல்லைத் தாண்டிச் செங்கல்லைத் தொடுகிறது. செங்கல் உப்புநீரை மேலே இழுக்கும். காயும்போது உள்ளே உப்பு படிகமாகி விரிந்து காரையைப் பொரிய வைக்கும். சுவர்கள் ஆளுயரம் வரை உதிர்ந்து நிற்பதற்கு இதுதான் காரணம். அருகிலுள்ள மார்கெராவின் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதும் நிலம் தாழ ஒரு காரணம். 1970-களில் அதை நிறுத்தினார்கள்.

சாய்ந்த மணிக்கூண்டுகளும் இந்தச் சேற்றின் வேலைதான். சான்தோ ஸ்தெஃபானோ, சான் ஜோர்ஜோ தேய் கிரேச்சி, புரானோ தீவின் கூண்டு மூன்றும் வெளிப்படையாகவே சாய்ந்திருக்கின்றன. வீடு என்றால் பாரம் பரவும். கோபுரம் ஒரே இடத்தில் அழுத்தும்.

ஊர் முழுக்கத் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் வெனிஸின் மிகப் பெரிய கைவேலை என்பது என் கருத்து. ஒவ்வொரு சதுக்கத்தின் நடுவிலும் செதுக்கிய கல் வாய் ஒன்று மூடிக் கிடக்கும். பலர் அதன்மேல் பையை வைத்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சதுக்கம் முழுவதுமே மழைநீர்த் தொட்டி. பெரிய குழி தோண்டி, உப்புநீர் கசியாமல் சுற்றிலும் களிமண் பூசி, உள்ளே மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை இறக்கினார்கள். கிணற்றைச் சுற்றிச் சற்றுத் தள்ளித் தரையில் பெரும்பாலும் நான்கு துளைக்கற்கள் தெரியும். தரை அவற்றை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். மழைநீர் அதன் வழியே இறங்கி, மணலில் வடிந்து, நடு உறைக்குள் ஊறும். பெருவெள்ளத்தில் உப்புநீர் துளைக்குள் புகுந்துவிட்டால் கிணறு கெட்டது. மணலையே அள்ளி மாற்ற வேண்டும். அதனால்தான் சில சதுக்கங்களில் கிணற்றுமேடை இரண்டு மூன்று படி உயரத்தில் இருக்கிறது. 1884-ல் குழாய்நீர் வரும் வரை ஊர் பெரும்பாலும் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். இன்று சதுக்கங்களில் ஓடும் குழாய்களில் நல்ல தண்ணீர் வருகிறது. பாட்டில் எடுத்துப் போனால் போதும். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

தண்ணீர் ஏறும் நாட்கள்

அக்வா ஆல்தா, அதாவது உயர் ஓதம், பெரும்பாலும் அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் வரும். அமாவாசை, பௌர்ணமி ஓதம், தென்கிழக்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று, தாழ்ந்த காற்றழுத்தம். மூன்றும் ஒன்று சேர்ந்தால் நீண்டு குறுகிய அட்ரியாட்டிக் கடலின் தண்ணீர் வடக்கு மூலைக்குத் தள்ளப்பட்டுக் காயலுக்குள் வந்து முட்டும். 1966 நவம்பர் 4-ல் 194 செ.மீ., 2019 நவம்பர் 12-ல் 187 செ.மீ. ஏறியது.

அறிவிப்பில் வரும் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது 1897-ல் வைத்த பூஜ்யத்திலிருந்து அளப்பது. இன்றைய சராசரிக் கடல்மட்டமே அதற்குச் சுமார் 30 செ.மீ. மேலே இருக்கிறது. 80 செ.மீ. என்றால் சான் மார்கோ சதுக்கத்தில் தண்ணீர் தலைகாட்டத் தொடங்கும். கரையைத் தாண்டி வராது. தரையிலுள்ள வடிகால் துளைகள் வழியே அடியிலிருந்து ஊறி வரும். 110 என்றால் நடைபாதைகளில் எட்டில் ஒரு பங்கு நனையும். அதற்கு மேல் போகும் என்று கணித்தால் மோசே தடுப்பு எழும்பும். கடல்வாய்கள் மூன்றிலும் அடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகளுக்குள் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால், அவை நிமிர்ந்து கடலை மறிக்கும். 2020 அக்டோபர் 3-ல் முதன்முதலாக அது ஊரைக் காத்தது. தடுப்பு வந்துவிட்டதால் இனி கால் நனையாது என்று நினைப்பதுதான் இப்போது நடக்கும் தவறு. 80-க்கும் 110-க்கும் இடைப்பட்ட நாட்களில் கதவு எழும்பாது. சான் மார்கோ நனையும். அங்குள்ள பெருந்தேவாலயமான பசிலிக்காவைச் சுற்றி மட்டும் 2022-ல் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள்.

அப்படிப்பட்ட நாளில் உச்ச நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் உயரமான பகுதிகளில் இருங்கள். சான் போலோவில் ஃப்ராரி தேவாலயத்தைச் சுற்றியுள்ள இடம் நல்லது. ரப்பர் பூட்ஸ் பல விடுதிகளில் இரவலாகக் கிடைக்கும், கேளுங்கள். தெருவில் விற்கும் பிளாஸ்டிக் உறைகள் சில மணி நேரத்தில் கிழிந்துவிடும். தண்ணீர் மூடிய கால்வாயோரப் பாதையில் மட்டும் இறங்கவே இறங்காதீர்கள். பாதை எங்கே முடிகிறது, கால்வாய் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. ஓதம் வற்றியிருக்கும்போது கால்வாய்க்குள் இறங்கும் படிகளில் கால் வைப்பதும் ஆபத்துதான். பச்சைப் பாசி படிந்த கல் எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும்.

விலாசமும் வழியும்

ஊர் செஸ்தியேரே எனப்படும் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது: சான் மார்கோ, காஸ்தெல்லோ, கன்னரேஜோ, சான் போலோ, சாந்தா குரோச்சே, தோர்சொதூரோ. வீட்டு எண் தெருவுக்குத் தெரு தொடங்காது. முழுப் பகுதிக்கும் ஒரே வரிசை. காஸ்தெல்லோவில் எண்கள் ஆறாயிரத்தைத் தாண்டும். ஆகவே, பகுதிப் பெயரும் எண்ணும் மட்டும் கையில் இருந்தால் தபால்காரருக்குப் புரியும், உங்களுக்குப் புரியாது. விடுதிக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தெருப் பெயர், அருகிலுள்ள சதுக்கம் அல்லது தேவாலயம், படகு நிறுத்தம். நான்காவதாக, நிறுத்தத்திலிருந்து வாசல் வரை எத்தனை பாலம் என்று கேளுங்கள். ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்கும் படிக்கட்டு. சக்கரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து பாலம் கடப்பது முதல் நாள் உற்சாகத்தையே கொன்றுவிடும். மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்கள் விடுதியின் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

சுவரில் வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்பில் எழுதியிருக்கும் பெயர்களில் முதல் சொல்லே வழி சொல்லும். காலே என்றால் சந்து. ஃபோந்தமென்தா, கால்வாயோரப் பாதை. ரியோ, சிறு கால்வாய். ரியோ தெரா, மண் கொட்டி மூடிய கால்வாய். அதனால் அகலமாக இருக்கும். சோத்தோபோர்தேகோ, வீட்டுக்கு அடியில் நுழையும் வழி. கோர்தே, பெரும்பாலும் முட்டுச்சந்து. சதுக்கத்துக்குக் காம்போ என்று பெயர். பியாத்சா என்ற பட்டம் சான் மார்கோவுக்கு மட்டுமே. நெருக்கமான சந்துகளில் கைபேசியின் நீலப்புள்ளி எதிர்க்கரைக்குத் தாவிவிடும். அதை நம்பி நடந்தால் சந்து தண்ணீரில் போய் முடியும். ரியால்டோ, சான் மார்கோ, ரயில் நிலையம் என்று அம்பு போட்ட மஞ்சள் பலகைகள் மூலைக்கு மூலை உண்டு. வலப்பக்கமாக நடப்பதும், பாலத்தின் நடுவில் நிற்காமலிருப்பதும் அங்கே வாழ்கிறவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. தள்ளுவண்டியில் சரக்கு இழுத்து வருகிறவர் குரல் கொடுத்தால் உடனே சுவரோடு ஒட்டி நில்லுங்கள்.

படகு

வாப்பரெட்டோதான் ஊரின் பேருந்து. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25, 48-க்கு 35, 72-க்கு 45. ஒரு நாளில் மூன்று முறை ஏறினாலே நாள் சீட்டு லாபம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் மிதவை வாசலில் உள்ள கருவியில் சீட்டைத் தொட வேண்டும். நாள் சீட்டுதானே என்று தொடாமல் ஏறினால் அபராதம். விமான நிலையப் படகு இதில் சேராது. பெரிய நிறுத்தங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மிதவைகள் இருக்கும். எண் சரியாக இருந்தாலும் திசை மாறிப் போகலாம். மிதவையில் எழுதியிருக்கும் எழுத்தையும் கடைசி நிறுத்தத்தையும் பார்த்து ஏறுங்கள். சில 2-ஆம் எண் படகுகள் ரியால்டோவோடு திரும்பிவிடும்.

பெருங்கால்வாயின் நீளம் சுமார் 3.8 கி.மீ. அதைப் பார்க்க 1-ஆம் எண் படகு. எல்லா நிறுத்தத்திலும் நின்று சான் மார்கோ சேர முக்கால் மணி நேரம் ஆகும். ரயில் நிலையத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. அதற்கு முந்தைய நிறுத்தமான பியாத்சாலே ரோமாவுக்கு ஐந்து நிமிடம் நடந்து போய் அங்கே ஏறி, முன்னாலோ பின்னாலோ உள்ள திறந்த இருக்கையைப் பிடியுங்கள். இந்தப் பயணத்தைச் செலவாக நினைக்கக் கூடாது. வெனிஸ் வீடுகளின் முகப்பு தண்ணீரைப் பார்த்தது. சரக்குப் படகு வந்து நிற்கும் நீர்வாசல், அதை ஒட்டிக் கீழே கிடங்கு, மேல்மாடியில் வளைவுச் சன்னல்கள் வரிசையாக நிற்கும் பெரிய கூடம். சேற்றின்மேல் பாரம் குறைய வேண்டும் என்பதால் முகப்பில் சுவரைவிடச் சன்னல் அதிகம். சந்துகளில் நடப்பவர் பார்ப்பதெல்லாம் இந்த வீடுகளின் கொல்லைப்புறம். சான் மார்கோ நோக்கிப் போகும்போது இடக்கையில் கா தோரோ மாளிகை, அதற்கு எதிரே வலக்கையில் மீன் சந்தை, ரியால்டோ பாலம் தாண்டி வலத்தில் கா ஃபொஸ்காரி, கா ரெத்சோனிக்கோ மாளிகைகள், முடிவில் சலூத்தே தேவாலயம். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு முறை போங்கள். இரவில் கூடங்களின் விளக்கொளியில் மேற்கூரை உத்தரங்களும் ஓவியங்களும் தெரியும்.

கோண்டோலாவுக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. ஆளுக்கு இல்லை, படகுக்கு; ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறும் முன் நேரத்தையும் வழியையும் பேசிவிடுங்கள். இங்கேயும் ஓதம் பார்க்க வேண்டும். நன்றாக ஏறியிருந்தால் தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாமல் பெரிய கால்வாயிலேயே சுற்ற வேண்டிவரும். முழுக்க வற்றியிருந்தால் சுவரும் சேறும் நாற்றமும்தான். இடைப்பட்ட ஓதமே சரி. சான் மார்கோ கரையில் ஏறினால் மோட்டார் படகுகளின் அலையில் ஆடிக்கொண்டே பாதி நேரம் போய்விடும். உள்ளே சிறு கால்வாயில் நிற்பவரிடம் ஏறுங்கள். படகைக் கவனித்தால் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம். ஒருவர், ஒரே துடுப்பு, வலப்பக்கம் போடுகிறார். நேரான படகென்றால் இடம் திரும்பிக்கொண்டே போகும். அதை ஈடுகட்டத்தான் படகையே கோணலாகச் செய்கிறார்கள். முனையிலுள்ள இரும்பின் ஆறு பற்களும் ஆறு செஸ்தியேரேகளைக் குறிப்பவை என்பார்கள். சான் த்ரோவாசோ தேவாலயத்துக்கு அருகே கால்வாயின் எதிர்க்கரையில் நின்றால் கோண்டோலா பழுதுபார்க்கும் பழைய பட்டறையைக் காசில்லாமல் பார்க்கலாம்.

90 யூரோ அதிகம் என்றால் திராகெத்தோ இருக்கிறது. பெருங்கால்வாயைக் குறுக்கே கடத்திவிடும் கோண்டோலா, வெளியூர்க்காரருக்கு 2 யூரோ, சாந்தா சோஃபியாவிலும் சான் தோமாவிலும் கிடைக்கும். சில நிமிடப் பயணம்தான், ஆனால் ஊர்க்காரர்களோடு. மழையும் காற்றும் இருந்தால் ஓடாது.

சான் மார்கோ

பசிலிக்காவுக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் வாங்கிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பை கூடாது. 8,000 சதுர மீட்டருக்கும் மேலான தங்க மொசைக்கைப் பார்த்து எல்லோரும் அண்ணாந்துகொண்டே நடப்பார்கள். தரையையும் பாருங்கள். பளிங்குத் துண்டுகள் பதித்த அந்தத் தரை அலைபோல ஏறி இறங்குகிறது. நிலம் சமமில்லாமல் அமிழ்ந்த கணக்கு அதில் எழுதியிருக்கிறது. மாடிக்குத் தனிக் கட்டணம், கட்டாயம் கொடுங்கள். 1204-ல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து அள்ளிவந்த நான்கு குதிரைகளின் மூலச் சிலைகள் அங்கே உள்ளே இருக்கின்றன; முகப்பில் நிற்பவை நகல்.

தோஜே (பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்) அரண்மனையின் கீழ்வரிசைத் தூண்கள் குட்டையாகத் தெரிவது கட்டியவரின் பிழையில்லை. ஓதத்துக்குப் பயந்து சதுக்கத்தைப் பலமுறை உயர்த்தியதில் தூணின் அடி புதைந்துவிட்டது. உள்ளே பெருமன்றக் கூடம் 53 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. சுவரின் மேல்விளிம்பில் தோஜேக்களின் படவரிசையில் ஒரு கட்டத்தில் மட்டும் கறுப்புத் துணி வரைந்திருக்கும். குடியரசைக் கவிழ்க்கச் சதி செய்து 1355-ல் தலை வெட்டப்பட்ட மரீன் ஃபலியேரின் இடம் அது. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். இதே டிக்கெட்டில் எதிரே உள்ள கோர்ரேர் அருங்காட்சியகமும் சேரும். களைப்பில் பலர் அதைத் தவறவிடுகிறார்கள்.

மணிக்கூண்டு 1902 ஜூலை 14-ல் சரிந்து விழுந்து, 1912-ல் அதே உருவில் மீண்டும் எழுந்தது. உயரம் 98.6 மீட்டர், லிஃப்ட் உண்டு, வரிசையும் உண்டு. ஆனால் நான் ஏறச் சொல்வது எதிர்த்தீவிலுள்ள சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே கூண்டு. சான் த்சக்காரியாவிலிருந்து 2-ஆம் எண் படகில் ஒரே நிறுத்தம். வரிசை குறைவு, லிஃப்ட் உண்டு. சான் மார்கோவையே முழுதாகப் பார்க்க வேண்டுமானால் அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

தமிழர்கள் தேடிப் போக ஒரு முற்றமும் இருக்கிறது. ரியால்டோவுக்கு வடக்கே சான் ஜோவன்னி கிரிசோஸ்தொமோ தேவாலயத்துக்குப் பின்னால், கோர்தே தெல் மிலியோன். மார்கோ போலோ குடும்பத்து வீடு அங்கேதான் இருந்தது. வெனிஸ் காயலில் பிறந்த அவர், சீனாவிலிருந்து திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக்கு வந்து, தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தையும், அங்கே வந்து இறங்கிய குதிரைகளையும், முத்துக்குளிப்பையும் பற்றிச் சொல்லி வைத்தார். வீடு இன்று இல்லை. பழைய பைசாந்திய வளைவு ஒன்றும் முற்றத்தின் அமைதியும் மிச்சம்.

சாப்பாடு

ரியால்டோ மீன் சந்தை செவ்வாய் முதல் சனி வரை, காலையில் மட்டும். அங்கே ஒரு கல் பலகையில் விற்கக்கூடிய மீன்களின் குறைந்தபட்ச நீளம் வெட்டியிருக்கிறது: மத்தி 7 செ.மீ., விலாங்கு 25, சிப்பி 5. குஞ்சுகளைப் பிடித்தால் காயல் காலியாகும் என்று புரிந்த ஊர்.

பகல் உணவுக்கு பாகரோ என்னும் சிறு கடைகள். ரொட்டித் துண்டின்மேல் ஏதாவது வைத்த சிக்கெத்தி, ஒன்று சில யூரோ. நின்று சாப்பிட்டால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு. மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சையோடு ஊறவைத்த சார்தே இன் சாஓர், கப்பலில் கெடாமல் கொண்டுபோகக் கண்டுபிடித்தது. நம் நாக்குக்கு நெருக்கமான சுவை. உணவகத்தில் மீன் விலைக்குப் பக்கத்தில் எத்தோ என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. முழுமீன் எடை 600 கிராம் என்றால் ஆறு மடங்கு. எடை போட்டுத் தொகையைச் சொல்லச் சொல்லிவிட்டுச் சம்மதியுங்கள். கோபெர்தோ என்பது ஆளுக்கு விதிக்கும் மேசைக் கட்டணம். ஏமாற்று இல்லை, வழக்கம். சைவர்கள் சென்சா கார்னே, சென்சா பேஷே என்று இரண்டையும் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்றால் மட்டும் போதாது; நெத்திலி எதன்மேலாவது வந்து உட்கார்ந்துவிடும். வெந்த கூனைப்பூவின் அடிப்பகுதி, காளான் வைத்த பொலென்தா என்னும் மக்காச்சோளக் களி, பாலாடைக்கட்டி ரொட்டி பெரும்பாலான பாகரோக்களில் கிடைக்கும்.

தீவுகள்

ஒரு முழு நாள் வேண்டும். வரிசைதான் முக்கியம். எல்லோரும் அருகிலிருக்கும் முரானோவில் தொடங்கி மதியம் புரானோவில் போய்க் கூட்டத்தில் சிக்குகிறார்கள். மாற்றிச் செய்யுங்கள். ஃபோந்தமென்தே நோவேவிலிருந்து காலை முதல் படகுகளில் 12-ஆம் எண்ணைப் பிடித்து நேரே புரானோ, முக்கால் மணி நேரம். வண்ண வீடுகளில் சாய்வெயில் விழும் நேரத்தில் அங்கே இருப்பீர்கள். அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் தோர்செல்லோ.

தோர்செல்லோவைத் தவிர்க்காதீர்கள். வெனிஸுக்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊர். 639-ல் தொடங்கிய தேவாலயம், உள்ளே மேற்குச் சுவர் முழுக்க இறுதித் தீர்ப்பு மொசைக். ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் சுற்றியிருந்த காயல் சதுப்பாகி, மலேரியா பரவி, மக்கள் போய்விட்டார்கள். இன்று குடியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். வெனிஸும் இப்படி ஆகாமலிருக்கத்தான் குடியரசு பிரெந்தா, பியாவே ஆறுகளையே வெட்டித் திருப்பிக் காயலுக்கு வெளியே கடலில் விட்டது. தோர்செல்லோவைப் பார்த்த பிறகுதான் அந்த வேலையின் அருமை புரியும். கைப்பிடிச் சுவரில்லாத பழைய பாலம் ஒன்றும் அங்கே இருக்கிறது. வெனிஸ் பாலங்கள் பலவும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தன.

திரும்பும் வழியில் முரானோ. நகரத்தில் தீப்பிடிக்கும் என்று 1291-ல் கண்ணாடி உலைகளை இங்கே மாற்றினார்கள். விடுதியிலோ சான் மார்கோவிலோ யாராவது இலவசப் படகில் உலைக்கு அழைத்தால் போகாதீர்கள். ஒரே கடையில் இறக்கிவிட்டு வாங்கும் வரை விடமாட்டார்கள். வாங்குவதானால் முரானோ கலைக் கண்ணாடி என்ற பதிவு முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

நுழைவுக் கட்டணமும் திரும்புதலும்

2024 முதல், அறிவித்த சில நாட்களில் மட்டும் காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை பகல்பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 2025-ல் முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நாட்களில் 10. நகராட்சி எல்லைக்குள் தங்குகிறவர்களுக்கு விலக்கு. ஆனால் இணையத்தில் பதிந்து அந்தக் குறியீட்டைக் கைபேசியில் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு நாட்கள் மாறுவதால் தேதியைச் சரிபாருங்கள். சான் மார்கோவின் படிகளில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும், புறாவுக்குத் தீனி போடுவதற்கும், கால்வாயில் இறங்குவதற்கும் அபராதம் தனி.

புறப்படும் நாளில் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். விமான நிலையத்துக்குப் பியாத்சாலே ரோமாவிலிருந்து பேருந்து 25 நிமிடம். சான் மார்கோவிலிருந்து பியாத்சாலே ரோமாவுக்கு 1-ஆம் எண் படகு முக்கால் மணி நேரம், காலைக் கூட்டத்தில் பெட்டியோடு முதல் படகில் இடம் கிடைக்காமல் போகலாம். விடுதியிலிருந்து நிறுத்தத்துக்குப் பாலத்துக்கு மூன்று நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலமென்றால் மூடுபனிக்கு அரை மணி நேரம் கூடுதல். இதையெல்லாம் கூட்டிய பிறகு, முந்தைய இரவே ஓத அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். நீர்மட்டம் மிக உயர்ந்தால் சில படகுகள் பாலத்தடியில் நுழைய முடியாமல் வழி மாறும். நிறுத்தத்தில் போய் நின்ற பிறகு அது தெரிந்து பயனில்லை.